நோகாத கடி

என் தம்பி உப்புவெளியில் கரைவலை இழுப்பவன். நானோ, பத்தொன்பதாம் நூற்றாண்டில் திருகோணமலைத் துறைமுகத்தில் தங்கிக் கடற்பாம்பு சேகரித்த ஒரு வெள்ளைக்கார இயற்கையியலாளரின் வாழ்க்கையைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். "உன்ர வெள்ளைக்காரன் எப்பிடி இருக்கிறான்?" என்றுதான் தம்பி கேட்பான்.

அந்த மனிதர் வள்ளம் ஏறியது குறைவு. வலை கரைக்கு வந்ததும் மீன்காரர் வேண்டாமென்று எறிவதை வாங்கிச் சாராயப் போத்தலில் போடுவார். இதுதான் அவருடைய ஆய்வு. எனக்குச் சிரிப்பு வரும். சிரிப்பு வராத இடமும் உண்டு. வலையில் கடிபட்ட ஒருவனுக்கு நோவே தெரியவில்லை, பின்னேரம் வாயைத் திறக்க முடியவில்லை, பிறகு குழி தோண்டினார்கள் என்று எழுதியிருந்தார். அதைப் படித்ததிலிருந்து கரையில் நிற்கவே எனக்குப் பயம்.

எங்கள் கரையில் பாம்பை அடிப்பதில்லை. வாலில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக் கடலுக்குள் எறிவார்கள். நல்ல பழக்கம்தான், எறிகிறவன் என் தம்பியாக இல்லாவிட்டால்.

கடல் கலங்கியிருந்த ஒரு காலை வலை வழமையைவிடப் பாரமாக வந்தது. வலையின் மடியில் மீனைவிடப் பாம்புதான் அதிகம். தம்பி எறிந்துகொண்டே இருந்தான். திடீரென்று கையை உதறினான்.

"என்னடா?"

"கெளுத்தி முள்ளு, அக்கா."

மீன் பிரிக்கிற கையில் முள் குத்தாத நாளில்லை. அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கெளுத்தி குத்தினால் வளர்ந்த ஆம்பிளையும் நோவில் கத்திக் குழறுவான். இவன் குழறவில்லை.

"நோகுதா?"

"இல்லையே."

நோவே தெரியாத அந்தக் கடிதான் எனக்கு நினைவு வந்தது. "பாம்படா அது! ஆஸ்பத்திரிக்கு வா" என்று கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள். "உங்கட வெள்ளைக்காரன் சொன்னவனோ?" என்றார் ஒருவர். மீன் பிரித்து முடியாமல் வர ஏலாது என்றான் தம்பி. நான் சண்டை பிடித்தேன், கெட்ட வார்த்தையும் வந்தது. அவன் அசையவில்லை.

தேத்தண்ணி வந்தது. தம்பி கூட வந்த பணிஸ் ரொட்டியை வாய்க்குக் கொண்டுபோனான். வாய் பாதிக்கு மேல் திறக்கவில்லை. அப்படியே என்னைப் பார்த்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

ஓட்டோவில் கிடத்திக்கொண்டு போனோம். கால் இறுகுது என்று பல்லுக்குள்ளால் சொன்னான். வழியெல்லாம் அந்தக் குழிதான் என் கண்ணில் நின்றது. அதை எழுதிவைத்த மனிதரை அன்றைக்குப் போல நான் வெறுத்ததில்லை. ஆஸ்பத்திரியில் சிறுநீர் கோப்பி நிறத்தில் போனது. மருந்து ஏற்றினார்கள், இயந்திரத்தில் இரத்தம் சுத்தப்படுத்தினார்கள். நான் வெளியே மர வாங்கில் குந்தியிருந்து தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லாரையும் கூப்பிட்டேன்.

பிழைத்தான். இப்போது மறுபடி வலை இழுக்கிறான், பாம்பும் எறிகிறான். சொன்னால் கேட்கிற பிறவி இல்லை. பின்னேரம் போன் எடுத்து நான் கேட்பது ஒன்றுதான்.

"இண்டைக்கு ஏதும் குத்தினதா?"

"ஓம், கெளுத்தி. உயிர் போகுது, அக்கா."

அப்படிச் சொன்னால் எனக்குச் சோறு இறங்கும். "குத்தினது, ஆனா நோகேல்ல" என்று சொன்னால், அவன் வாய் விட்டுச் சிரிக்கும் வரை போனை வைக்க மாட்டேன்.