ஞாயிறுக்கு ஒன்று

துறைமுகத்தில் மூட்டை கிழிந்தால் கிருஷ்ணப்பனைக் கூப்பிடுவார்கள். கப்பலின் அடியிலிருந்து வின்ச் சரக்கைத் தூக்கும்போது மேல்தளத்தில் நின்று கைகாட்டுவது அவர் வேலை. கொட்டிக் கிடக்கும் வெள்ளைப் பொடி என்னவென்று சொல்வதும் அவர்தான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கு நுனியில் வைப்பார்.

"சலவை சோடா. கிட்ட போவாத."

சர்க்கரை என்று சொல்லிவிட்டால் அந்த மூட்டை இன்னும் கொஞ்சம் கிழியும். ரேஷன் காலம். கொட்டியதில் ஆளுக்கு ஒரு பிடி மடியில் ஏறும். இருபது வருடத்தில் அந்த நாக்கு ஒருமுறையும் தவறியதில்லை. "மாமு நாக்கெ அறுத்து கஸ்டம்ஸ் ஆபீஸ்ல வெச்சிட்டா ஆபீசருங்கல்லாம் வூட்டுக்குப் பூடலாம்" என்பான் வின்ச் ஓட்டும் மஜீது.

1951 சித்திரையில் அந்த நாக்கின் ஓரத்தில் புண் வந்தது. புகையிலை அடக்கும் இடம். வைகாசி முழுவதும் மணத்தக்காளிக் கீரை தின்றார். ஆனியில் ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஆடி முடியறதுக்குள்ள வந்து படுத்துடு. பாதி நாக்கை எடுத்துடலாம். பிழைச்சுக்குவே. தாமதமானா என்னால ஒண்ணும் முடியாது."

"ருசி, சார்?"

டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். "உசிரைப் பத்திக் கேளுப்பா."

அன்று சாயங்காலம் கிருஷ்ணப்பன் வீட்டுக் கதவின் உட்பக்கத்தில் சாக்குக்கட்டியால் நாலு வரி எழுதினார். பனைமரத்தொட்டி என்ற பகுதியில் அவர்கள் இருந்தது ஒரே அறை. கதவைச் சாத்தினால் எழுத்து எதிரில் நிற்கும். மனைவி சொக்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னாய்யா எழுதிக்கீறே?"

"நாக்கு போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது."

மின்சார ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாம்பரம் வரை போய் வருவது. எண்ணூர் முகத்துவாரத்தில் குளிப்பது. ஒன்பது வருடமாகப் பேசாத தம்பியிடம் பேசுவது. நாலாவது, ஞாயிற்றுக்கிழமைதோறும் இதுவரை தின்னாத ஒன்றைத் தின்பது.

முதல் இரண்டும் ஒரே வாரத்தில் முடிந்தன. தம்பியைப் பார்க்க மாத்தூருக்கு நடந்தே போனார். தம்பி மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து, "சொல்லு" என்றான். கிருஷ்ணப்பன் வழி முழுவதும் பேசிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"இந்தப் பக்கம் மழை கீதா?" என்றார்.

"இல்லே."

திரும்பி வந்து மூன்றாவது வரியையும் அடித்தார்.

நாலாவதுதான் வீட்டை ஆட்டிவைத்தது. அவர் அதுவரை தின்றதெல்லாம் பழையதும் கருவாட்டுக் குழம்பும் கேழ்வரகுக் களியும். மஜீது வீட்டிலிருந்து இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் முதல் ஞாயிறு வந்தன. அடுத்தது சொதி. மளிகைக்கடைக்காரர் மனைவி இசக்கியம்மாள் தேங்காய்ப் பாலை எப்போது ஊற்ற வேண்டும் என்று சொக்கம்மாளுக்கு மூன்று முறை சொல்லிக் கொடுத்தாள். மூன்றாவது முறை, "திரிஞ்சு போச்சுன்னா ஏங்கிட்ட வந்து சொல்லப்பிடாது" என்றாள். திரியவில்லை. கிருஷ்ணப்பன் கண்ணை மூடிக்கொண்டு தின்றார். இத்தனை வருடம் இதை யார் ஒளித்து வைத்திருந்தார்கள் என்று கேட்டார்.

சொக்கம்மாள் பாத்திரம் தேய்க்கும் ரயில்வே குவார்ட்டர்ஸில் ஆங்கிலோ இந்தியக்காரி ஃப்ளோராம்மா இருந்தாள். கறியைக் கொத்தி உருண்டை பிடித்துக் குழம்பில் போடுவதை அவளிடம் கற்றுக்கொண்டாள். ரேஷனில் போட்ட கோதுமையை என்ன செய்வதென்று தெருவே விழித்துக்கொண்டிருந்தபோது சொக்கம்மாள் அதை ஊறவைத்து அல்வாவுக்குப் பால் பிழிந்தாள். இவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்றார்கள் குழாயடியில்.

ஆடி முடிந்தது; அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. ஆவணியில் இரண்டு ஞாயிறுகள் போயின. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்திருந்தார். தலையணையில் கறை இருந்தது. துவைத்தாலும் வாடை போகவில்லை.

"மூணு வரியெ அடிச்சிட்டே. நாலாவது எப்பய்யா முடியும்?"

"முடியாதுடி. வாராவாரம்னு எழுதிக்கீறேன்ல."

"வேணும்னே அப்டி எழுதினியா?"

அவர் எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

அந்த வாரம் ஒரு கப்பலில் மூட்டைகள் கிழிந்தன. வழக்கம்போல அவரைக் கூப்பிட்டார்கள். சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார். பளபளவென்ற மணிமணியான வெள்ளை.

"சக்கரை" என்றார்.

வேலைநேரம் முடிய சங்கு ஊதியதால் மற்றவர்கள் அவசரத்தில் இருந்தார்கள். அவர் மட்டும் துண்டில் முடிந்துகொண்டார். ஃப்ளோராம்மா சொன்ன கல்கல் என்ற இனிப்புப் பலகாரத்துக்கு அந்த வாரம் சர்க்கரை இல்லாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சொக்கம்மாள் மைதாவைப் பிசைந்து, சீப்பின் பின்பக்கத்தில் அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்தாள். பாகு மட்டும் வரவில்லை. எவ்வளவு நேரம் கொதித்தாலும் தண்ணீராகவே நின்றது. கம்பிப் பதம் எட்டவே இல்லை. துறைமுகத்துச் சர்க்கரை இப்படித்தான் போலும் என்று நினைத்துக்கொண்டு கல்கலை அதிலேயே புரட்டி எடுத்தாள். அடுப்பில் இருக்கும்போது அவள் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. கல்யாணமான நாளிலிருந்து உப்பு, காரம் பார்ப்பது அவர்தான்.

கிருஷ்ணப்பன் ஒன்று எடுத்துப் போட்டுக்கொண்டார். மெல்லும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வலியால்தான்.

"எப்டிய்யா கீது?"

"சோக்கா கீது. நல்ல தித்திப்பு."

இன்னும் இரண்டு எடுத்தார். அப்போது மஜீது வந்தான். "இன்னா மாமு, ஞாயித்துக்கெழமெ விருந்தா? நமக்கு இல்லியா?" தட்டிலிருந்து ஒன்றை வாயில் போட்டான். உடனே வாசலுக்கு ஓடித் துப்பினான். தண்ணீர் வாங்கிக் கொப்பளித்தான். சொக்கம்மாள் பயந்துபோய் நின்றாள்.

"அக்கா, இன்னாத்தெப் போட்டே இதுல? ஒரே உப்பு, கசப்பு."

அவள் துண்டு முடிச்சைக் காட்டினாள். மஜீது விரலில் தொட்டுப் பார்த்தான். முகர்ந்தான்.

"இது ரெண்டாம் நம்பர் கிடங்குல வந்த உரம். வயலுக்குப் போடுறது. சக்கரை கப்பலே இல்லே அது." சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "மாமு, உனுக்கே தெரிலியா?"

கிருஷ்ணப்பன் வாயில் இன்னும் ஒன்று இருந்தது. மெல்வதை நிறுத்தியிருந்தார். மஜீது அவரைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. தட்டை எடுத்துப் போய்ச் சாக்கடையில் கொட்டிவிட்டு வந்து, காலித் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சொக்கம்மாள் அவர் முன்னால் உட்கார்ந்தாள்.

"எப்பலேர்ந்து?"

"ஒரு மாசமா. கறியுருண்டெ துன்ன அன்னிக்குத்தான் மொதல்ல."

"ஒண்ணும் தெரிலியா?"

"சூடு தெரியுது."

"அப்பறம் இன்னாத்துக்குய்யா? நாக்கு போயிடும்னுதானே ஆஸ்பத்திரிக்கு வர்லேன்னே? போன நாக்கெ வெச்சிக்கினு இன்னா பண்ணினு இருந்தே?"

"அடுத்த வாரம் தெரியும்னு நெனச்சேன்."

அவள் அவர் தோளில் அடித்தாள். இரண்டு கையாலும் அடித்தாள். அவர் தடுக்கவில்லை. பிறகு அவள் எழுந்து, மறுநாளைக்கு அவருடைய வெள்ளை வேட்டியை எடுத்து மடித்து வைத்தாள்.

திங்கட்கிழமை டாக்டர் நாக்கைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். கழுத்தைத்தான் வெகுநேரம் தடவினார். காதுக்குக் கீழே, தாடைக்கு அடியில், இரண்டு பக்கமும். தாமதமானதற்குத் திட்டவில்லை. சொக்கம்மாள்தான் முந்திக்கொண்டு கேட்டாள்.

"எப்ப சார் படுக்கணும்? இன்னிக்கேவா?"

"படுக்க வேணாம்மா. வலிக்கு மருந்து தரேன்."

"எடுத்துட்டா பூடும்னீங்களே. பாதி இல்லாட்டி முழுசும் எடுத்துக்குங்க சார். பேச்சு வேணாம். நான் புரிஞ்சிக்குவேன்."

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

"பத்தியம் சார்?"

"பத்தியம் ஒண்ணும் இல்லே. அவருக்கு எது பிடிக்குமோ, கேட்டதைச் செஞ்சு கொடும்மா."

பனைமரத்தொட்டியில் எல்லோருக்கும் அந்த வார்த்தை தெரியும். போன தையில் எதிர்வீட்டுக்காரருக்கு அதைத்தான் சொல்லி அனுப்பினார்கள். கிருஷ்ணப்பன் எழுந்து டாக்டருக்குக் கும்பிடு போட்டார்.

வெளியே டிராம் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றார்கள். ஒரு வண்டி வந்து போனது. இருவரும் ஏறவில்லை. சொக்கம்மாள் மருந்துச் சீட்டை நாலாக மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள்.

"இன்னா செய்யட்டும் சொல்லு. இன்னா வேணும் உனுக்கு?"

அவர் யோசித்தார்.

"அந்தக் கறியுருண்டெ. அது எப்டி இருந்திச்சி?"

"எது?"

"ஃப்ளோராம்மா சொன்னது. எனக்குத்தான் தெரில. நீ சொல்லேன். எப்டி இருந்திச்சி?"

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு ரோட்டைப் பார்த்தாள்.

"எனக்கு எப்டிய்யா தெரியும்?" என்றாள். "அன்னிக்கு நீ சட்டியெ வழிச்சித் துன்னுட்டே. நான் பழையது துன்னுட்டுப் படுத்தேன்."