அக்காவின் காதில் இரண்டு தம்பிகள்

அருவி, மலை, அணைக்கட்டு என்று எழுதிவந்த இந்தத் தளத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தைப் பற்றி எழுதுவேன் என்று நினைத்ததில்லை. ஆனால் பேருந்தில் போனேன், டிக்கெட் எடுத்தேன், மீன் சாப்பாடு சாப்பிட்டேன், நன்றாகப் பயந்தேன். ஆகவே இதுவும் பயணக் கணக்கில்தான் வரும்.

போனது மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. காரணம் என் அக்கா. அவள் குமரி மாவட்டத்துப் புதுக்கடையில் இருக்கிறாள். நான் பதினோரு வருடம் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டுத் திரும்பி, இப்போது திருநெல்வேலியில் குடியிருக்கிறேன். ஐப்பசியில் அக்காவுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியது நான் இல்லை, ஆனால் என் குரல். "அக்கா, வண்டி இடிச்சிற்று, ஆஸ்பத்திரியில கெடக்கேன். உனக்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அத சொல்லு." பதறிப்போய்ச் சொல்லிவிட்டாள். அடுத்த நிமிடம் அவளுடைய வாட்ஸ்அப் யார் கைக்கோ போய்விட்டது. மீட்க ஒன்பது நாள் ஆனது.

அதற்குப் பிறகு நான் அழைத்தால் எடுப்பாள், கேட்டுக்கொண்டே இருப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். வீடியோவில் முகத்தைக் காட்டினால்தான் பேச்சு. சில நாள் முகத்தையும் நம்பவில்லை, திரும்பு, காதைக் காட்டு என்பாள். முதலில் சிரித்தேன். பிறகு எரிச்சல் வந்தது. அதன் பிறகு வருத்தமாகிவிட்டது.

அப்போதுதான் தக்கலை பக்கத்துக் கல்லூரி ஒன்றின் அறிவிப்பு கண்ணில் பட்டது. (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.) இயந்திரம் செய்த குரலை மனிதர்கள் ஏன் நம்புகிறார்கள், பொத்தானை அழுத்தும் கை தவறினாலும் மூளை அதைப் பிடித்துவிடுகிறதா, பிடித்தால் அதை வைத்து இந்த மாதிரி மோசடியைத் தடுக்க வழி உண்டா என்பது ஆய்வு. உடன்பிறந்தவர்களை ஜோடியாகக் கேட்டிருந்தார்கள். அக்காவிடம் சொன்னதும் "வாறேன் மக்கா. எனக்க தம்பிக்க சத்தம் எனக்குத் தெரியாதா? அவங்களுக்குக் காட்டிக் குடுக்கேன்" என்றாள். அந்தச் சான்று அவளுக்கு வேண்டியிருந்தது. எனக்கும்தான்.

ஒரு வாரம் முன்பே அக்காவின் ஃபோனில் இருந்த என் வாய்ஸ் மெசேஜ்களை அனுப்பச் சொன்னார்கள். மஸ்கட்டிலிருந்து நான் வீட்டுக்கு அனுப்பியவை. ஒன்றைக்கூட அவள் அழிக்காமல் வைத்திருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

காலை 6.10க்குத் திருநெல்வேலியில் பேருந்து. தோவாளை வந்தபோது பூ மூட்டைகளோடு ஆறேழு பேர் ஏறினார்கள், வண்டி முழுக்கப் பிச்சி வாசம். 8.05க்கு நாகர்கோவில், டிக்கெட் 80 ரூபாய். அங்கிருந்து தக்கலைக்கு 40 நிமிடம், 20 ரூபாய். அக்கா டவுன் பஸ்ஸில் கருங்கல் வழியாக எனக்கு முன்பே வந்து நின்றாள். பெண்களுக்கு இலவசம் என்பதை இரண்டு முறை சொல்லிக் காட்டினாள். கல்லூரி நான்கு கிலோமீட்டர், ஆட்டோ 100 ரூபாய்.

ஓட்டுநரிடம் இடத்தைச் சொன்னதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "தலையில வயரு மாட்டுத எடம்தானே? போன வாரம் அண்ணனும் தங்கச்சியுமா ரெண்டு பேர கொண்டு விட்டேன். போவும்பம் நல்ல பேச்சு. வரும்பம் ஒண்ணும் பறையல்ல." சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஆய்வுக்கூடம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய பழைய கட்டடத்தில் இருக்கிறது. அறைச் சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுத் தகடு. கதவை மூடியதும் வெளியே கத்திக்கொண்டிருந்த காக்கையின் சத்தம் பாதியில் அறுந்தது. என் மூச்சு எனக்குக் கேட்டது, அக்கா எச்சில் விழுங்குவது கேட்டது. இரண்டு நிமிடத்தில் வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.

ஆய்வு மாணவி ஷைனி உள்ளூர்ப் பெண். அக்காவின் தலையில் வயர் தைத்த தொப்பியை மாட்டிவிட்டு, நெற்றியைத் துடைக்கப் பஞ்சை எடுத்தாள். அக்கா கையைப் பிடித்துவிட்டாள். எங்கள் குடும்பம் அய்யாவழி, நெற்றியில் நாமம் இல்லாமல் அவள் வாசலைத் தாண்ட மாட்டாள். "நாமத்த அழிக்கக் கூடாது பிள்ளே." ஷைனி பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "செரி அக்கா, ரெண்டு வயர ஓரமா மாத்திக்கலாம்" என்றாள். அவள் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான்.

முதல் சுற்றில் நாற்பது சின்னப் பதிவுகள். சில அன்று காலை நான் பேசிக்கொடுத்தவை, மற்றவை இயந்திரம் செய்தவை. தம்பி என்றால் பச்சைப் பொத்தான், இல்லையென்றால் சிவப்பு. நான் அடுத்த அறையில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து அதையே கேட்டேன். என் குரல் "அடுத்த மாசம் லீவு கெடச்சாச்சு, வாறேன் அக்கா" என்றது. அதை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. சொல்ல ஆசைப்பட்டிருக்கிறேன். என் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது சுற்று நேரடிப் பேச்சு. இரண்டு இணைப்பு. ஒன்றில் நான், ஒன்றில் இயந்திரம். அக்கா எது வேண்டுமானாலும் கேட்கலாம். அவள் வேறொன்றும் கேட்கவில்லை.

"மக்கா, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்" என்றேன். விடியற்காலையில் எழுந்த அலுப்பு, அந்த அறை கொடுத்த பயம், எல்லாம் குரலில் இருந்திருக்கும்.

அடுத்த இணைப்பில் அதே கேள்வி. "பின்னே! மீன் கறி கூட்டி வயிறு நெறய தின்னேன் அக்கா. எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்." ஒரு சின்னச் சிரிப்பு வேறு. என் சிரிப்பு.

எனக்கு மட்டும் அவள் தெரிகிற கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அக்காவின் முகம் மலர்ந்தது. ஐப்பசிக்குப் பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை. "இவன்தான். இது எனக்க தம்பி. மத்தவன் ஆரோ" என்றாள்.

முதல் சுற்றின் நாற்பதில் முப்பத்தொன்று தவறு. கைதான் தவறியது, மூளையாவது பிடித்திருக்குமே என்று ஷைனியிடம் கேட்டேன். ஒருத்தரின் ஒரு நாள் கணக்கை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்றாள். பிறகு திரையைக் காட்டினாள். பழகிய குரலுக்கு எழ வேண்டிய கோடு இயந்திரத்துக்கு எழுந்திருந்தது. நான் பேசியபோது, ஒப்பிட முதலில் கேட்கவைத்த அறிமுகமில்லாத ஆட்களின் குரலுக்கு எப்படியோ அப்படியே தட்டையாகக் கிடந்தது. "அந்த மெசேஜ் எல்லாத்துலயும் நீங்க ஒரே சந்தோஷமா பேசியிருக்கீங்க அண்ணா. மெஷின் அதத்தான் படிச்சுது. அக்காவும் அதத்தானே படிச்சிருக்காங்க" என்றாள்.

மஸ்கட்டில் எங்கள் அறையில் ஆறு பேர். வீட்டுக்கு மெசேஜ் போடும் நேரத்தில் யாரும் யாரையும் பார்க்க மாட்டோம். முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு குரலை எடுத்துப் பேசுவோம். பேசி முடித்ததும் அதை வைத்துவிடுவோம். கல்ஃபில் இருந்த எல்லோருக்கும் அந்தக் குரல் தெரியும்.

1.30க்கு வெளியே வந்தோம். தக்கலையில் மீன் சாப்பாடு ஒன்று 120 ரூபாய், அக்கா பாதி இலையோடு எழுந்துவிட்டாள். இரண்டு கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. கூட்டிக்கொண்டு போனேன். குறுகலான இருட்டு நடையில் அவள் முன்னால் போக, பின்னாலிருந்து "அக்கா, படி இருக்கு, பாத்து" என்றேன். தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். என் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள், மறுபடி முகத்தைப் பார்த்தாள். அப்புறம் நானே முன்னால் நடந்தேன்.

தக்கலை பஸ் நிலையத்துக்குத் திரும்பினோம். புதுக்கடை பஸ் வந்து நின்ற பிறகு, அவள் ஏறாமல் கேட்டாள். "அப்பம் அங்க நீ நல்லா இருக்கேன்னு சொன்னது?"

"நல்லா இல்ல அக்கா."

"பதினோரு வருசமுமா?"

தலையாட்டினேன். அவள் என் கன்னத்தைத் தொட்டாள். அந்நியர் வீட்டுப் பிள்ளையைத் தொடுகிற மாதிரி இருந்தது அந்தத் தொடுதல். எனக்கு அழுகை வந்தது.

போக நினைப்பவர்களுக்கு: கல்லூரியில் பேருந்துச் செலவைத் தந்துவிடுகிறார்கள், நான்கு மணி நேரம் ஆகும். தலைக்கு எண்ணெய் வைக்காமல் போங்கள். குரல் பதிவுகளை அழிப்பதாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு அழித்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. யாராவது உங்கள் குரலில் அவசரம் என்று அழைத்தால், வீட்டார் துண்டித்துவிட்டு உங்கள் எண்ணுக்குத் தாங்களே திரும்ப அழைக்கட்டும், இதை இன்றே சொல்லிவையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் வீட்டுக்குப் பேசும்போது முதுகு வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

நான் அப்படித்தான் இப்போது பேசுகிறேன். போன செவ்வாய் மாலை ஆறு மணிக்கு அக்காவை அழைத்தேன். எடுத்தாள். பின்னால் வேறொரு ஃபோனின் ஸ்பீக்கரில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அலைபேசியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். என் குரல்தான், ஏதோ ஒரு பழைய மெசேஜ், ராஜா மாதிரி இருக்கேன் என்று சிரித்தது.

"அக்கா, நான்தான். முதுகு வலி, இன்னைக்கு வேலைக்குப் போகல" என்றேன்.

"இரி மக்கா," என்றாள் அக்கா, தணிந்த குரலில். "அவன் பேசி முடிக்கட்டும்."