மொக்கம்மாள் காட்டிய இடம்

ஊர் மாடுகளை மேய்த்துக் கூழ் குடித்தவள் மொக்கம்மாள். கூடலூருக்குப் பக்கத்தில் ஊருக்கெல்லாம் பொதுவாகக் கிடந்த மந்தைக்காடுதான் அவள் பிழைப்பு. அவள் பெற்ற ஒரே பிள்ளையும் அந்தக் காட்டில்தான் கிடந்தான். பால்குடி மறக்காத பிள்ளை செத்தால் அங்கே புதைப்பது ஊர் வழக்கம். கூட எதுவும் வைக்கக் கூடாது, அடையாளக் கல் நடக் கூடாது, பெற்றவள் போகவும் கூடாது. புருஷன் சுருளியாண்டிதான் தூக்கிப் போனான். திரும்பி வந்து, "அங்கன, கருவேல மரத்தடியில" என்று கையை நீட்டினான். அதன்பின் பதினோரு வருஷம், அவனும் போய்ச் சேர்ந்த பிறகுகூட, மத்தியானக் கஞ்சியை அவள் அந்த மரத்தடியில் உட்கார்ந்துதான் குடித்தாள்.

மலையில் அணை எழும்பத் தொடங்கியதும், தண்ணீர் வரும் என்று தரிசுக்கெல்லாம் மவுசு வந்துவிட்டது. கருத்தக்கண்ணனுக்கு நாலு கிணறும் எட்டு ஏரும் இருந்தும் வயிறு நிறையவில்லை. சர்வேக்காரர்கள் வந்த சமயம் பார்த்து மந்தைக்காட்டைத் தன் பேரில் பட்டா எழுத வைத்துக்கொண்டான். அவன் பாட்டன் உழுத நிலமாம்! ஊர் வழக்குப் போட்டது.

"உழுத காட்டுல ஊர்ப் பிள்ளைகளைப் புதைக்க எவன் விடுவான்? ஒரு குழியைக் காட்டுங்க, போதும்" என்றார் ஊர் வக்கீல். பிள்ளை பறிகொடுத்த வீடு பத்துப் பதினைந்து இருந்தது. புதைத்ததைத் தோண்டினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

"எம்பிள்ளையத் தோண்டுங்க. இனி எனக்கு ஆகாமப் போக என்ன இருக்கு?" என்றாள் மொக்கம்மாள்.

கோர்ட்டு அனுப்பிய அதிகாரி குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவளிடம் விசாரித்தார்.

"எங்க வீட்டுக்காரகதான் புதைச்சாக, சாமி. இந்த எடந்தான்னு சொன்னாக. கூட ஒண்ணும் வைக்கல."

இடுப்பளவு தோண்டினார்கள். வேர் வந்தது, சரளை வந்தது. சுற்றி நாலு இடத்தில் தோண்டியும் எலும்பு என்று ஒரு பொட்டுகூட வரவில்லை. அவள் குழிக்குள் இறங்கிக் கையால் மண்ணை அளைந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்தும் கருத்தக்கண்ணன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். நல்ல நெஞ்சு அவனுக்கு!

தீர்ப்பு அவன் பக்கம் ஆயிற்று. மேலே போக ஊருக்குத் தெம்பில்லை. வாய் திறக்காத வீடுகளெல்லாம், இவள் பொய் சொல்லித்தான் வழக்குக் கெட்டது என்று பேசின. மாடுகளை விற்றார்கள். அவள் பிழைப்பும் போயிற்று.

மறு வருஷம் ஆடியில், கருத்தக்கண்ணனின் ஏர்க்காரன் பால்பாண்டி அவள் குடிசைக்கு வந்து துண்டு முடிச்சை அவிழ்த்தான். பிள்ளைக்குப் பால் புகட்டும் சங்கு.

"மந்தைக்காட்ட உழுகையில கெடச்சுச்சு, ஆத்தா. ஒங்கிட்ட காட்டத் தோணுச்சு."

மூக்கு உடைந்த சங்கு. பிள்ளை செத்த அன்று வீடெல்லாம் தேடினாளே, அதேதான். எங்கயாச்சும் விழுந்திருக்கும் என்று அன்றைக்குச் சுருளியாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். வழக்கத்தை மீறிப் பிள்ளையோடு சங்கை வைத்திருக்கிறான். அவள் தினம் போய் விழுந்து அழக் கூடாதென்று இடத்தையும் மாற்றிச் சொல்லியிருக்கிறான், பாவி. பிரியத்தில் செய்த காரியம், யாரை நொந்துகொள்வது?

வழக்கு அவளுக்கு ஞாபகமே வரவில்லை. "எங்கன இருந்துச்சுய்யா?" என்றாள்.

பால்பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். "காடு முச்சூடும் உழுதாச்சு ஆத்தா. ஏர்க்கொழு எங்கன இருந்து இழுத்துட்டு வந்துச்சோ, தெரியலையே."

புரட்டாசியில் கருத்தக்கண்ணன் காட்டுக்கே மொக்கம்மாள் களையெடுக்கப் போனாள். ஊர் சிரித்தது. மற்றப் பெண்கள் வரிசையாக நின்று கொத்திக்கொண்டு போனார்கள். அவள் மட்டும் களைக்கொத்தைத் தொடவில்லை. அந்தக் காடு முழுவதும் கையாலேயே பிடுங்கினாள்.