ரெண்டு நிமிஷம் தொடாதீங்க

தேர்வாய் கண்டிகை ஃபேக்டரியில் செல்வி அக்கா ஓட்டும் மெஷின் ரெண்டு வாரமாக நடுவில் நின்று நின்று போகிறது. "செல்வி கை வெச்சாதான் நிக்குது. வேற ஆளைப் போடுறேன்" என்று சூப்பர்வைசர் முடிவே பண்ணிவிட்டார்.

அந்த மெஷினுக்கு மென்பொருள் எங்களுடையது. இன்று நேரில் போனேன்.

மெஷின் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் லாகில் ஒன்றுமே இல்லை. எப்படி இருக்கும்? நின்றவுடனே ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிடுகிறார்கள். உள்ளே எல்லாவற்றையும் ஓட்டும் லினக்ஸ் கெர்னலோ ரெண்டு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் எது மாட்டிக்கொண்டது என்று எழுதும்.

செல்வி அக்காவிடம் சொன்னேன்: "அடுத்த தடவை நின்னா ரெண்டு நிமிஷம் தொடாதீங்க."

பதினோரு மணிக்கு நின்றது. சூப்பர்வைசர் ஓடி வந்து ஸ்விட்சுக்குக் கை நீட்டினார். அக்கா குறுக்கே நின்றார்.

"இரு சார், இன்னா அவசரம்? ரெண்டு வாரமா என்னைத் திட்டிக்கினு கீற. ரெண்டு நிமிஷம் சும்மா இரேன்."

கெர்னல் எழுதியது. எங்கள் புரோகிராமுக்குள் ரெண்டு டாஸ்க், ஆளுக்கொரு பூட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றதன் பூட்டுக்காகக் காத்துக் கிடந்தன. ரெண்டும் ஒரே வரிசையில் பூட்டுகிற மாதிரி மாற்றினேன். ஷிஃப்ட் முடியும்வரை மெஷின் நிற்கவில்லை. அக்காவையும் யாரும் மாற்றவில்லை.

"யாரு சார் இப்படி எழுதி வெச்சது?"

"நான்தான்க்கா."

அக்கா சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "கேட்டுக்கினியா சார்?"

புரோகிராம் எழுதும் நண்பர்களே, உங்களுக்காக இப்போது எங்கே, யார் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள்?