என் தாளில் ஏழு ஓட்டைகள்

வயது போகப் போகக் கோபம் ஆறிவிடும் என்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மூண்ட கோபம் அது. இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது.

அப்போது நான் மன்னாரில் ஓர் அரசாங்கக் கந்தோரில் தட்டெழுத்தாளர். என் கணவர் அதே கந்தோரில் எழுத்து வேலை பார்க்கும் இலிகிதர். எங்கள் இருவருக்கும் மேலே பிரதம இலிகிதர். உத்தியோகத்தர்கள் சேர்ந்து ஒரு துப்பாக்கிச் சுடும் கழகம் வைத்திருந்தார்கள். அந்த வருடம் ஆட்கள் போதாமல் பெண்களையும் சேர்த்தார்கள். நாலு பேர் சேர்ந்தோம். மற்ற மூவரும் முதல் வெடியில் தோளில் விழுந்த உதையோடு வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான் போகவில்லை. என் ஊரான பாப்பாமோட்டையில் வயல் காவல் கொட்டிலில் இருந்து பன்றிக்கு வெடி வைத்தவள் நான். துவக்கு எனக்குப் புதிதல்ல.

தொடக்கத்தில் சிரித்தார்கள். “தங்கச்சி, உது அகப்பை இல்லை, கவனம்” என்றார் பிரதம இலிகிதர். நான் சுட்ட இலக்குத் தாள்களைக் கண்ட பிறகு சிரிப்பு நின்றது. அதற்குப் பிறகு யாரும் என்னோடு அதிகம் கதைக்கவும் இல்லை.

சுடும் இடம் மன்னார்த் தீவை இணைக்கும் பாலத்துக்கு அப்பால், பெருநிலத்தில், புல்லும் முளைக்காத உவர்த் தரை. ஒரு மண் அணை, அதற்கு முன்னால் பனங்குற்றி அடுக்கிய குழி. குழிக்குள் நிற்பவர் இலக்குத் தாள்களைச் சட்டத்தில் ஒட்டி மேலே உயர்த்துவார், சுட்டு முடிந்ததும் இறக்குவார். எங்களிடம் இருந்த துவக்குகள் மூன்று. மூன்றும் இரண்டாம் உலக யுத்தத்தில் அடிபட்டு, பட்டாளம் கழித்துவிட்டவை. ஒன்றின் மரப்பிடியைக் கம்பியால் வரிந்து கட்டியிருந்தார்கள். இன்னொன்று எப்போது வெடிக்கும் என்று அதற்கே தெரியாது. மூன்றாவதுதான் ஏதோ உருப்படியானது, ஆனால் அதுவும் நூறு கஜத் தூரத்தில் ஒரு சாண் இடப்பக்கம் இழுக்கும். கறுப்பு வட்டத்துக்கு வலப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் குறி பார்த்தால் சன்னம் நடுவில் போய் விழும். அதை நான் இரண்டு ஞாயிறில் பிடித்துவிட்டேன். பிரதம இலிகிதர் ஒரு வருடமாக நேரே குறி பார்த்துவிட்டுத் துவக்கைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அனுராதபுரத்தில் மாவட்டங்களுக்கிடையே போட்டி வந்தது. நாலு பேர் போகலாம். மூன்று பேர் தெரிவாகிவிட்டார்கள். நாலாவது இடம் எனக்கா, பிரதம இலிகிதருக்கா என்பதைத் தீர்க்கத்தான் அந்த ஞாயிறு கூடினோம். அந்த இடம் எனக்கு வேண்டும். ஒரு சீலைக்கோ நகைக்கோ நான் அப்படி ஆசைப்பட்டதில்லை. அன்று காலை முதல் பூசையில் நற்கருணை வாங்கிவிட்டு முழங்காலில் இருந்தபோதும் வலப்பக்கம் ஒரு சாண் என்றுதான் மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரே துவக்கு, ஆளுக்கு ஐந்து வெடி. முதலில் அவர், பிறகு நான். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தாள்கள், ஒன்றாம் இலக்கம் அவருடையது, இரண்டாம் இலக்கம் என்னுடையது. இருவரும் முடித்த பிறகே தாளை இறக்கிப் பார்ப்பது. குழிக்குள் நின்றவர் என் கணவர்.

பிரதம இலிகிதர் படுத்துக் குறி பார்க்கும் நேரம் இரண்டு கழுதைகள் அணைக்கு முன்னால் வந்து நின்றன. அவை தாமாக அசையும் வரைக்கும் எல்லோரும் பொறுமையாக இருந்தோம். கழுதைக்குக் காட்டிய பொறுமையில் பாதி எனக்குக் காட்டியிருந்தால் போதும்.

அவர் ஐந்து வெடி வைத்தார். நான் ஐந்து வைத்தேன். தாள்கள் வந்தன. அவருடைய தாளில் மூன்று ஓட்டைகள், என்னுடையதில் ஏழு.

அவர் இரண்டு தடவை இலக்கம் மாறிச் சுட்டிருக்கிறார். எவை இரண்டு என்று கேட்க வேண்டியதே இல்லை. அவர் தாளில் மூன்றும் இடது ஓரத்தில், கடைசி வளையத்தைத் தொட்டபடி. என் தாளிலும் இரண்டு இடது ஓரத்தில், வளையத்துக்குச் சற்று வெளியே. மீதி ஐந்தும் கறுப்பு வட்டத்துக்குள், ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கும். கண் உள்ள எவரும் சொல்வார்கள்.

பிரதம இலிகிதர் தாளைக் குனிந்து பார்த்தார். “ஓம், நான் ரண்டு வெடி மாறி வைச்சிட்டன். பிழை என்ரைதான்” என்றார். எனக்கு ஒரு கணம் அவர்மேல் மரியாதை வந்தது. உடனே விரலை நடுவட்டத்தில் வைத்தார். “உந்த ரண்டும் என்ரை. என்ரை கைக்குத் தெரியும்.” நடுவட்டத்துக்கு ஐந்து புள்ளி, கடைசி வளையத்துக்கு இரண்டு, வெளியே விழுந்தால் ஒன்றுமில்லை; அவர் கணக்கில் அவருக்குப் பதினாறு, எனக்குப் பதினைந்து.

“சேர், அஞ்சும் என்ரை. ஓரத்திலை கிடக்கிறதுதான் உங்கடை” என்றேன்.

கழகச் செயலாளர் ஓய்வுபெற்ற பொலிஸ்காரர். கெட்ட மனிதர் அல்ல. அவர் என் கணவரைப் பார்த்தார். “நீங்கள்தானே குழிக்குள்ளை நிண்டனீங்கள். சேர் சுட்டு முடிய, ரண்டாம் தாளிலை ஓட்டை எங்கை கிடந்தது?”

அதைவிட நேரான கேள்வி ஒன்று இருக்க முடியாது. நான் துவக்கைத் தொடுவதற்கு முன்பே அந்த இரண்டு ஓட்டைகளும் அங்கே இருந்தன. அண்ணாந்தால் என் கணவரின் முகத்துக்கு நேரே, கைக்கெட்டும் உயரத்தில்.

என் கணவர் சப்பாத்தில் ஒட்டிய மண்ணைப் பார்த்தார். “நான் கவனிக்கேல்லை, சேர்” என்றார்.

நான் மறுபடி சுடுவோம் என்று கேட்டேன். வெயில் ஏறிவிட்டதாம். தோட்டாவும் குறைவாம். “தங்கச்சி, அடுத்த வருசம் பாப்பம்” என்று பிரதம இலிகிதர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கூட நான் விட்டுவிடுவேன். அவர் அப்படிப்பட்டவர், முடிந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகு என் கணவர் மெல்லச் சொன்னார். “அஞ்சும் உம்முடையதுதான். நான் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். உம்மைப் போலச் சுட அங்கை ஒருதருக்கும் ஏலாது.”

“அதை அங்கை சொல்லியிருக்கலாமே?”

“ரான்ஸ்பர் லிஸ்ட் போகப்போகுது. அந்தாளோடை கொழுவினால் என்னை எங்கையாவது தூக்கிப் போடுவான். நீர் இஞ்சை தனிய இருப்பீரோ?”

பயம் எனக்கும் விளங்கும். ஆனால் அடுப்படியில் மட்டும் கிடைக்கிற நியாயத்தை நான் என்ன செய்வது? “நாளைக்குச் செயலாளரிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. இன்னும் பிந்தேல்லை” என்றேன். “பாப்பம்” என்றார்.

திங்கட்கிழமை அவர் போகவில்லை. பத்து மணிக்குப் பியோன் ஒரு கைப்பிரதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். கழகத்தின் கடிதங்களையும் நான்தான் அடிப்பது வழக்கம். தெரிவில் கூடிய புள்ளி பெற்ற நால்வரின் பெயர்களை இத்துடன் அனுப்புகிறோம் என்று இருந்தது. நாலாவது, பிரதம இலிகிதரின் பெயர்.

அடித்தேன். ஒவ்வொரு எழுத்தும் தாளைத் துளைக்கிற மாதிரி அடித்தேன். எங்கள் கந்தோரில் எந்தக் கடிதமும் வெளியே போக முன்னர், ஒரு இலிகிதர் அதைக் கைப்பிரதியோடு ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று அடியில் சின்னதாக ஒப்பம் வைக்க வேண்டும். யாரிடமும் கொடுக்கலாம். நான் எழும்பி நேரே என் கணவரின் மேசைக்குப் போனேன்.

“சரியோ எண்டு பாத்து ஒப்பம் வையுங்கோ.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அசையவில்லை. அவர் மனம் மாற வேண்டும் என்று கடைசியாக ஒரு தடவை ஆசைப்பட்டேன், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து, விரலை வரி வரியாக நகர்த்தி, அடிவரை வாசித்தார். நாலாவது பெயரில் விரல் நின்றது.

“இதிலை சேரின்ரை இனிஷல் ஒண்டு விடுபட்டிருக்கு” என்றார்.

பேனாவைத் திறந்து அந்த எழுத்தை அழகாக எழுதிச் சேர்த்தார். பிறகு அடியில் ஒப்பம் வைத்தார். முகத்துக்கு நேரே இருந்த இரண்டு ஓட்டைகளைக் கவனிக்காத மனிதர், அதைக் கவனித்தார்.