மெர்வ் முகர்ந்து பார்த்த துப்பாக்கி

எந்தத் துப்பாக்கியையும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார் மெர்வ் கிளீசன். அதற்கு முன்னால், உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு முறை உறுதி செய்துகொள்வார். மேஜையில் ஒரு பழைய துண்டை விரித்துத் துப்பாக்கியை அதன்மேல் கிடத்துவார். பிறகு குனிந்து மூக்கைப் பிடிவரைக்கும் கொண்டுபோவார். "பாச்சை உருண்டை. கம்பளிக் காலுறைக்குள்ள இருந்திருக்கு" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போனால் என் மருந்துக்கடை வாசனைமேல் பழியைப் போடுவார். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான்.

சுற்றியுள்ள ஊர்களில் யாராவது செத்துப்போய், அலமாரியை ஒழிக்கும்போது இரண்டாம் உலகப் போர்க்காலத் துப்பாக்கி ஒன்று தலை நீட்டினால், போலீஸ் நிலையத்திலேயே "மெர்வ்கிட்ட கொண்டுபோங்க" என்று சொல்லிவிடுவார்கள். லைசென்ஸ் இல்லாதவர்கள் வைத்திருக்கக் கூடாது. லைசென்ஸ் உள்ள வியாபாரியான அவர் வாங்கி வைத்து, ரகம், வருஷம், விலை எல்லாம் பென்சிலால் ஒரு பழுப்பு அட்டையில் எழுதி, விசையைச் சுற்றி நூலால் கட்டுவார். அந்த அட்டை சொன்னால் சொன்னதுதான்.

அவர் கடையில் இரண்டு சட்டங்கள் உண்டு. அவர் பார்த்து முடிக்கும்வரை கொண்டுவந்தவர் வாயைத் திறக்கக் கூடாது. "எங்க தாத்தா ஒரு ஜெனரல்கிட்டேருந்து பிடுங்கினாரு" என்று ஆரம்பித்தால், "எனக்குத் தெரிஞ்சு இந்த ஜில்லாவுக்கு மட்டும் நாப்பது ஜெனரலுங்க துப்பாக்கிய இழந்திருக்காங்க, கண்ணு. சித்த சும்மா இரு" என்பார். இரண்டாவது, மேஜைக்கு ஒரு கை தூரத்துக்குள் ஈரம் வரக் கூடாது. ஒருமுறை நகரசபைத் தலைவரின் காபி, கோப்பையோடு தெருவுக்குப் போனது.

மார்ச் மாதம் என் சிநேகிதி நோரீன் ஒரு ஜப்பானியக் கைத்துப்பாக்கியோடு வந்தாள். போன வருஷம் இறந்த அவள் அப்பா பெர்ட்டினுடையது. படைவீரர் கிளப்பில் கண்ணாடிப் பெட்டி செய்து தயாராக வைத்திருந்தார்கள். மெர்வின் அட்டை வந்தால் போதும், துப்பாக்கியும் அதன் கீழே பெர்ட்டின் பெயரும் உள்ளே போய்விடும். துணைக்கு நானும் போயிருந்தேன்.

மெர்வ் முகர்ந்தார். முகம் சுளித்தது. "யாரு இதுக்கு பாலிஷ் போட்டது?"

"நான்தான். வருஷா வருஷம்."

"நல்லா போட்ட போ. பழைய நிறம் போனா விலையும் போச்சு. முன்னூறு டாலரைத் தேய்ச்சே கழுவிட்ட."

"பளபளன்னு இருக்க வேணாமா? அப்பாவோட நாளாச்சே" என்றாள் நோரீன். சட்டத்தை மறந்து மடமடவென்று சொல்லிவிட்டாள். ஜப்பானியரோடு சண்டை நடந்த நியூகினி மலைப்பாதையில் பெர்ட் அவர்களுடைய அதிகாரி ஒருவரைச் சுட்டு எடுத்தது. எடுத்த தேதியையும் அதில் செதுக்கி வைத்திருந்தார். பக்கவாட்டில் இருக்கிறதே 19.10 என்று, அக்டோபர் பத்தொன்பது. 1942-இல் அந்த மாதம்தான் அவர் காலில் குண்டு பட்டது. ஒவ்வொரு அக்டோபர் பத்தொன்பதும் வீட்டில் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, பக்கத்தில் அவருக்கு ஒரு கிளாஸ் பீர் ஊற்றி வைப்பார்கள்.

மெர்வ் பூதக்கண்ணாடியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "ஆயிரத்து இருநூறு" என்றார். பிறகு "எண்ணூறு" என்றார். பிறகு, "இரு, இரு. எனக்கே தலை சுத்துது" என்று உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷமாக அடுத்த கடையில் இருக்கிறேன், அவர் விலையை மாற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

"பெர்ட் எப்போ ஊர் திரும்பினார்?"

"நாப்பத்து மூணு ஜனவரில. அப்புறம் கால் விளங்கல, திரும்பிப் போகவே இல்ல. ஏன் கேக்கற?"

மெர்வ் பூதக்கண்ணாடியை அந்த எண்ணின்மேல் வைத்துக் காட்டினார். "இது உங்கப்பா செதுக்கினது இல்ல, கண்ணு. தொழிற்சாலை முத்திரை. ஜப்பான்காரங்க, அவங்க ராஜா பட்டத்துக்கு வந்ததுலேருந்து வருஷத்த எண்ணுவாங்க. பத்தொம்பதாவது வருஷம், பத்தாவது மாசம். நாப்பத்து நாலு அக்டோபர்."

நோரீன் விரல்விட்டு எண்ணினாள். நானும் எண்ணினேன். துப்பாக்கி பிறப்பதற்கு ஒன்றே முக்கால் வருஷம் முன்பே பெர்ட் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"அப்போ இது எங்கேருந்து வந்துது?"

"தெரியல. சண்டை முடிஞ்சு வந்த பசங்க சிகரெட்டுக்கு வித்தானுங்க, சீட்டாட்டத்துல தோத்தானுங்க. யாரு கண்டா? அதிகாரியச் சுட்டேன்னு அவர் வாயால சொன்னாரா?"

"அவர் எங்க பேசினாரு? நம்பரைப் பாத்து அம்மா சொன்னதுதான் எல்லாம்." நோரீன் துப்பாக்கியைத் துண்டோடு தன் பக்கம் இழுத்தாள். "ஆனா இல்லன்னும் சொல்லலயே, மெர்வ். நாங்க ஊத்தி வெச்ச பீரை அறுபது வருஷம் அந்த மனுஷன் வாயத் தொறக்காம குடிச்சாரு. பொய்க்கா குடிச்சாரு? இல்ல அங்க செத்துப்போன யாரையாவது நெனச்சுக் குடிச்சாரா?"

எனக்கு பெர்ட்மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிஷமே, சுற்றிலும் பிள்ளைகள் கைதட்ட அந்த கிளாஸை எடுத்தவரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது.

"வருஷத்த எழுதாம விட்டுடேன். கிளப்புல யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் நோரீன்.

மெர்வ் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு அட்டையை இழுத்தார். பிறகு எழுதினார். 1944 அக்டோபர். விலை எண்ணூறு. கீழே, வழக்கமாக ஒன்றுமே எழுதாத இடத்தில், 'பெர்ட் வீட்டில் இருந்தது' என்று ஒரு வரி. அட்டையை நூலால் விசையில் கட்டினார்.

நோரீன் படித்துவிட்டு, "இத வெச்சுக்கிட்டுப் பேரப் போடுறதா, வேணாமா?" என்று கேட்டாள்.

அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். குளிர்பெட்டி திறந்து மூடும் சத்தம் கேட்டது. ஒரு கிளாஸ் நிறைய பீர் ஊற்றி, நுரை வழிய வழியக் கொண்டுவந்து, ஈரமே ஆகாத அந்தத் துண்டின்மேல், துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே வைத்தார்.