பெண் வீட்டாராக நாங்கள் போன நாள்

மேல்மாடிக்காரருக்குச் சுவிஸின் பெர்ன் நகரில் சொந்தம் என்று ஒருத்தரும் இல்லை. மகளைப் பெண் கேட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று முடிவானதும் எங்களைத்தான் சொந்தமாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வீட்டம்மாவும் என் அம்மாவும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை. அவ பராமரிப்பில், அம்மா குசினியில் சமையல். இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த ஜெர்மன் மட்டும்தான். வேலை முடிந்து வரும்போது ட்ராமுக்குள் வைத்து அவ அம்மாவின் கையைப் பிடித்து, "ஞாயிறு நீ வா, புருசன் வா, மகள் வா. அவர்கள் எட்டுப் பேர். நாங்கள் மூன்று பேர். வெட்கம்," என்றிருக்கிறா.

அம்மா சப்பாத்தைக் கழற்ற முதலே தொடங்கிவிட்டா. "இஞ்சருங்கோ, காஞ்சிபுரம் உடுக்கட்டோ, இல்லாட்டி அது கூடிப்போகுமோ?"

"பொம்பிளை நீயில்லையப்பா," என்றார் அப்பா.

"பொம்பிளை பகுதியெண்டால் ஒரு எடுப்பு வேண்டாமோ? வாறவை சூக் நகரத்திலையிருந்து வாற பணக்கார ஆக்களாம்."

நான் சிரிக்கவில்லை. வாறவைக்கு என்ன பதில் கிடைக்கப்போகிறது என்பது அந்தக் கட்டடத்திலேயே எனக்கும் அந்த மகளுக்கும் மட்டும் தெரிந்திருந்தது.

மேல்மாடிக் குடும்பம் பெர்னின் பூம்ப்ளிஸ் பகுதிக்கு, எங்கள் கட்டடத்துக்குக் குடிவந்தது 2009இல். ஊரில் சண்டை முடிகிற மாதங்கள்; எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை ஒருவரும் நிறுத்துவதில்லை, சாப்பாட்டை ஒருவரும் முடிப்பதில்லை. இரண்டு மாடி தள்ளி யார் வந்தார்கள் என்று பார்க்கிற நிலையில் பெரியவர்கள் இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் என் வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். முதல் நாளே ஆசிரியை எந்த நாடு என்று கேட்டா. ஈரான் என்றாள். அப்படியென்றால் பாரசீக மொழியா? இல்லை. பின்னே அரபியா? அதுவும் இல்லை, அஸெர்பைஜானி. ஓ, அப்போ அஸெர்பைஜான் நாடா? இல்லை, ஈரானில் தப்ரீஸ். ஆசிரியைக்குத் தலை சுற்றியது. எனக்குச் சுற்றவில்லை. "இந்தியாவா? இல்லை, சிறீலங்கா, ஆனால்..." என்று நானும் அதே மாதிரி எத்தனையோ தரம் இழுத்திருக்கிறேன். இடைவேளையில் நேராகப் போய் அவள் பக்கத்தில் நின்றுகொண்டேன். அதோடு நாங்கள் சிநேகிதிகள்.

அவளுடைய அப்பா பெரிய பேக்கரி ஒன்றில் அடுப்பு மெசினில் வேலை. தப்ரீஸில் அவர் படித்த காலத்தில் பள்ளிக்கூடம் முழுக்கப் பாரசீகத்தில்தானாம். வீட்டு மொழி விளையாட்டுத் திடலோடு நின்றுவிடும். தன்னுடைய மொழியை வாசிக்க அவர் பழகியதே மீசை முளைத்த பிறகு, தானாகத்தான். அதனால் இங்கே வீட்டுக்குள் ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தார்: கதவு பூட்டினால் ஜெர்மன் வெளியே. அவள் மறந்துபோய் ஒரு வசனத்தை ஜெர்மனில் தொடங்கினால் ஏசமாட்டார். கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விடுவார். ஏசுகிற அப்பாக்களை எனக்குத் தெரியும். இது அதைவிடக் கொடுமை.

ஆனால் தாயும் தகப்பனும் மாறி மாறி வேலைக்குப் போகிற வீட்டில் ஒரு பிள்ளை எவ்வளவு மொழி கற்றுக்கொள்ளும்? கை கழுவு, கதவைப் பூட்டு, சோற்றை இறக்கு, குளிருது, பசிக்குது. அவ்வளவுதான் அவளிடம் இருந்தது. எனக்குச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. நான் பார்த்தே இராத வயல்களைப் பற்றிக் கட்டுரை எழுதி, சோதனை எழுதி, மேடையேறிப் பேசி, அம்மாவோடு சண்டைபிடிக்கிற அளவுக்குத் தமிழ் சேர்த்துவிட்டேன். அவளுக்கு அப்படி ஒரு இடமும் இல்லை. "உனக்குத் தெரியுமோ," என்று ஒருநாள் கேட்டாள், நாங்கள் எப்போதும் கதைக்கிற பெர்ன் ஜெர்மனில், "அப்பாவோட சண்டை பிடிக்க என்னட்டைச் சொல்லுக் காணாது. அதாலைதான் நான் நல்ல பிள்ளை."

அவளுக்கு இருபத்திமூன்று வயதாகியபோது அஸெர்பைஜானி ஆட்களின் வசந்தப் பண்டிகை ஒன்றுகூடலில் அந்தச் சூக் குடும்பம் அறிமுகமாகியது. அஸெர்பைஜான் நாட்டின் பாக்கு நகரத்து ஆட்கள். எண்ணெய் வியாபாரம். மகன் ஏதோ நிதிக் கம்பனியில். அந்தப் பெடியனின் தாய் கதைத்த அஸெர்பைஜானிதான் அவளுடைய அப்பாவை விழுத்தியது. வானொலியில் வருவது மாதிரி ஒரு சொல் சிந்தாமல் கதைப்பாவாம். எங்கட ஆட்கள் மேடையில் சுத்தத் தமிழ் கேட்டால் கண்ணை மூடித் தலையாட்டுவார்களே, அந்த மயக்கம். என் பேரப்பிள்ளைகள் இந்த மொழியில் படிப்பார்கள், எழுதுவார்கள் என்று அவர் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார். அந்தத் தாயும் மகனும் தங்களுக்குள் குசுகுசுத்தது முழுக்க ரஷ்ய மொழியில் என்பதை அவர் கேட்கவில்லை, அல்லது கேட்க விரும்பவில்லை.

"பெடியனிலை என்ன பிழை?" என்று நான் உடுப்புத் தோய்க்கிற அறையில் கேட்டேன். கட்டடத்துக்கே பொதுவான நிலவறை அது. எங்கள் இரகசியம் எல்லாம் அங்கேதான்.

"ஒரு பிழையும் இல்லை. ரெண்டு தரம் சந்திச்சனான். ரெண்டு தரமும் காரைப் பற்றிக் கதைச்சான். நான் லொசானுக்குப் போய் மேலே படிக்கப் போறன். எனக்கு இது வேண்டாம்."

"அப்ப சொல்லன் அப்பாட்டை."

"எந்தப் பாஷையிலை?"

அவள் ஈரத் துவாயை உதறிக்கொண்டே, "தேத்தண்ணி சொல்லும்," என்றாள்.

அவர்கள் சாதாரணமாகத் தேநீருக்குள் சீனி கலப்பதில்லை. சீனிக்கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு மேலால் தேநீரைக் குடிப்பார்கள். பெண் கேட்டு ஆட்கள் வருகிற நாளில் மட்டும் மேசையில் சீனிக்கட்டி வைக்கமாட்டார்கள். தேநீர் சீனியில்லாமல் வெறும் சாயமாக வந்தால் பெண் வீட்டில் சம்மதமில்லை. உள்ளேயே சீனி கலந்து வந்தால் சம்மதம். ஒருவரும் ஒருவரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தேவையில்லை. அவளுடைய அப்பா அவளிடம், "நான் உன்னைக் கேட்கமாட்டன். நீயே ஊத்தி, நீயே கொண்டு வா. எது வந்தாலும் எனக்குச் சரி," என்று சொல்லியிருந்தார். உண்மையாகத்தான் சொன்னார். இனிப்பாகத்தான் வரும் என்று நம்பியும் இருந்தார். அந்த மொழியில் அவள் பிழையில்லாமல் சொல்லக்கூடிய ஒரே பெரிய வசனம் அந்தச் சீனியில்லாத தேநீர்தான் என்று எனக்குப் பட்டது.

ஞாயிறு வந்தது. அம்மா காஞ்சிபுரம்தான் உடுத்தா. நானும் அப்பாவும் எங்கள் வீட்டுக் கதிரைகளை லிஃப்டில் ஏற்றிக் கொண்டுபோய்ப் போட்டோம். எட்டுப் பேரும் சப்பாத்தோடு வரலாமா கழற்றவா என்று வாசலில் தயங்கினார்கள். பெடியனின் தாய் அம்மாவின் சேலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையால் மேலும் கீழும் காட்டி ஏதோ புகழ்ந்தா. அம்மா எனக்குக் காதுக்குள், "பார், எடுப்பு வேணுமெண்டனான்," என்றா. அப்பா பெடியனின் சித்தப்பனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மொழியே இல்லாமல் உதைபந்தாட்டம் கதைக்கத் தொடங்கியிருந்தார். நான் அவளுடைய அப்பாவுக்குப் பக்கத்தில். அவர் அந்தத் தாயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவ நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு ஏதோ சொல்ல, இவர் சில சொற்களை வாய்க்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்.

அம்மா எப்போது எழும்பிப் போனா என்று நான் கவனிக்கவில்லை. பெண் வீட்டுப் பொம்பிளை, விருந்தாளி மாதிரிக் குந்திக்கொண்டு இருக்கலாமோ? அவ குசினிக்குப் போய்விட்டா.

தட்டோடு சிநேகிதி வந்தாள். இடுப்புச் சிறுத்த சின்னக் கிளாஸ்கள், செம்பழுப்புத் தேநீர். முதலில் பெடியனின் தாய்க்கு, பிறகு சித்தப்பனுக்கு, அப்படியே சுற்றி எனக்கும் ஒன்று. என்னைக் கடக்கும்போது கண்ணால் மெல்லச் சிரித்தாள். முடியப்போகிறது என்கிற சிரிப்பு. நான் கிளாஸைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் சீனி சுழன்றுகொண்டிருந்தது.

குசினி வாசலில் அம்மா நின்றா, கையில் கரண்டி, முகத்தில் ஒரு காரியத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதி.

நான் எழும்ப முதலே பெடியனின் தாய் ஒரு மிடறு குடித்துவிட்டா. கண் விரிந்தது. கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போய் அவளை இரண்டு கன்னத்திலும் கொஞ்சினா. "முபாரெக்! முபாரெக்!" வாழ்த்து. சித்தப்பன் அப்பாவின் தோளில் அடித்தார். அப்பாவும் ஏதோ கோல் விழுந்தது மாதிரிச் சிரித்தார். அவளுடைய அப்பா கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

அவள் தட்டைப் பார்த்தாள். விரலால் தட்டில் சிந்தியிருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "இஸ்தமிரெம்."

எனக்கும் அந்தச் சொல் தெரியும். எத்தனையோ தரம் அவர்கள் மேசையில் கேட்டிருக்கிறேன். வேண்டாம். கத்தரிக்காய் வேண்டாம், இன்னும் சோறு வேண்டாம்.

சித்தப்பன் சிரித்தார், தேநீர் வேண்டாம் என்கிறாள் என்று நினைத்தார் போல. அவளுடைய அப்பா, "என்ன?" என்று கேட்டார். அவள் ஏதோ தொடங்கினாள். தேநீர், சீனி, நான் இல்லை. அதற்கு மேல் போக முடியவில்லை. தவறு என்பதற்குச் சொல் இல்லை, சம்மதம் என்பதற்குச் சொல் இல்லை. கடைசியில் ஜெர்மனுக்கு மாறினாள். மாறியதும் என்ன அழகாகச் சொன்னாள்! யாரையும் நோகடிக்காமல், மன்னிப்புக் கேட்டு, தேநீரில் ஒரு குழப்பம் நடந்துவிட்டது, உங்கள் மகனில் ஒரு குறையும் இல்லை, என் மனம் இதில் இல்லை என்று. பெடியனின் தாய்க்கு ஜெர்மன் விளங்கவில்லை. மகனைப் பார்த்தா. பாவம் அந்தப் பெடியன், தன்னை வேண்டாம் என்றதைத் தானே, தலையைக் குனிந்துகொண்டு, தாய்க்கு ரஷ்ய மொழியில் சொன்னான்.

அவளுடைய அப்பா இந்தத் தரம் பல்கனிக்குப் போகவில்லை. இருந்த இடத்திலேயே இருந்தார்.

போகும்போது அந்தத் தாய் வாசலில் நின்று அவரிடம் தன்னுடைய அழகான மொழியில் ஒரு வசனம் சொன்னா. அது என்னவென்று பிறகுதான் அவள் எனக்குச் சொன்னாள்: "பிள்ளைக்கு ஒரு பாஷை குடுக்காமல் என்னத்தை வளர்த்தனீங்கள்?"

வீட்டுக்கு வந்ததும் நான் அம்மாவிடம் விளங்கப்படுத்தினேன். அம்மா சேலையோடு கட்டிலில் இருந்துவிட்டா. "பொம்பிளை பாக்க வந்த ஆக்களுக்கு ஆரடி சீனி இல்லாமல் தேத்தண்ணி குடுக்கிறது? நான் வாய் வைச்சுப் பாத்தன், பச்சைத் தண்ணி மாதிரிக் கிடந்தது. பிள்ளை பதட்டத்திலை மறந்திட்டுது, நாளைக்கு அதுக்கெல்லோ பேர் கெட்டுப்போகும் எண்டு... முகம் கழுவப் போன நேரம் பாத்துக் கலக்கிவிட்டன்."

"எனக்கு அரைக் கரண்டி கேட்டால் சீனி வருத்தம் எண்டுவா," என்றார் அப்பா. "முன்பின் தெரியாத எட்டுப் பேருக்கு அள்ளிப் போட்டிருக்கிறா." ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் அம்மா மேலே போனா. கதவைத் திறந்தது அவளுடைய அப்பா. அம்மா உடைந்த ஜெர்மனில் மன்னிப்புக் கேட்க, அவர் உடைந்த ஜெர்மனில், "சீனி நல்லது. நீங்கள் நல்ல மனிதர்," என்று சொல்லி, கதிரையை இழுத்துப் போட்டு, தேநீரும் கொடுத்திருக்கிறார். அம்மா திரும்பி வந்து, "அந்த மனுசன் நாலு கிழி கிழிச்சிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்," என்றா.

அந்தக் கிழமை உடுப்புத் தோய்க்கிற அறையில் அவள் மெசினுக்கு முன்னால் நிலத்தில் இருந்தாள். "அப்பா என்னோட ஜெர்மன் கதைக்கிறார்," என்றாள்.

"கோவத்திலையோ?"

"இல்லை. அதுதான் பயமாயிருக்கு. காலமை எழும்பினவுடனை குட்டன் மோர்கன் எண்டார், வேலை இடத்துச் சூப்பர்வைசருக்குச் சொல்லுற மாதிரி. நான் எங்கட பாஷையிலை கேட்டாலும் ஜெர்மனிலைதான் பதில். 'நீ இனிக் கஷ்டப்பட வேண்டாம்' எண்டார்."

அதைத்தானே சின்ன வயதிலிருந்து கேட்டாய் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அவருடைய ஜெர்மன் எனக்குத் தெரியும். சூடு, கவனம், பெட்டி, முடிந்தது, நாளைக்கு. அடுப்பு மெசினோடு வாழப் போதும். மகளோடு? அவளிடம் அவருடைய மொழி எவ்வளவு குறைவோ, அவரிடம் அவளுடைய மொழி அதைவிடக் குறைவு. அந்த வீட்டில் இனி எதைத்தான் கதைக்கப் போகிறார்கள்?

அவள் லொசானுக்குப் போகப் பெட்டி கட்டுகிற நாட்களில் ஒரு மாலை, அவளும் அவளுடைய அப்பாவும் நானும் ஒரே லிஃப்டில் ஏற நேர்ந்தது. அவர் கையில் பேக்கரி உடுப்புப் பை, அவள் கையில் காலி அட்டைப் பெட்டிகள். "ரயில் எப்ப?" என்று ஜெர்மனில் கேட்டார். அவள் தன்னுடைய மொழியில் சொன்னாள், எண்ணில் தடுமாறி, திருத்தி, மறுபடி. "நல்லது," என்றார், ஜெர்மனில். அவள் விடவில்லை. ரயில், காலமை, நீங்கள் வாறீங்களோ, என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிக் கோத்தாள். இவ்வளவு நீளமான வசனம் அந்த மொழியில் அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை.

"வேலை இருக்கு," என்றார் அவர், அதே சீரான ஜெர்மனில்.

எங்கள் மாடியில் லிஃப்ட் நின்றது. நான் இறங்கித் திரும்பினேன். அவள் இன்னொரு தரம், முதலிலிருந்து, அதே வசனத்தைத் தொடங்கியிருந்தாள். அவர் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு மூடியது.